விகுதி உதிரும் ஓசை

சமத்துவத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் அழகாகத்தான் எழுதுவார்கள். தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பின், தருமபுரிக்கு அருகில் ஒரு கல்வியியல் கல்லூரியில் நாளைய ஆசிரியர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் முறைகளைச் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டேன். வகுப்பறையில் நுழையும் சாதி வேற்றுமையை ஆசிரியர் எவ்வாறு அறிவது, எவ்வாறு களைவது என்னும் தாளும் என் பொறுப்பில் வந்தது. விடைத்தாள்களைத் திருத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு கலக்கம் உண்டாகும். அவற்றில் சாதி எப்போதும் இன்னொருவர் வீட்டில்தான் குடியிருந்தது. எழுதியவர் வீட்டில் அது ஒருபோதும் இருந்ததில்லை.

நுண்ணிலைக் கற்பித்தல் என்றொரு பயிற்சி உண்டு. ஒருவர் ஆசிரியராக நிற்க, உடன் பயில்வோர் பள்ளிப் பிள்ளைகள்போல் அமர்ந்திருப்பர். எல்லோரும் வளர்ந்தவர்கள். ஆகவே இந்தப் பக்கத்து வழக்கப்படி ஒருவரையொருவர் 'சொல்லுங்க', 'உக்காருங்க' என்றே பேசிக்கொள்வர். அந்த 'ங்க' என்னும் ஈற்றின் நிழலில் யாவும் மறைந்துவிடும். மெய்யான பிள்ளைகள் முன்னால் நிற்கும்போதுதான் அவரவர் நாக்கு அவரவர் பிறந்த தெருவுக்குத் திரும்பும். அதனால் பயிற்சிப் பள்ளிகளுக்கு நான் நேரில் செல்வேன். கடைசி வரிசையில் அமர்ந்து, பார்ப்பதைவிடக் கேட்பதே என் முறை. சிலபோது கண்களையும் மூடிக்கொள்வேன். 'அம்மா தூங்கிட்டாங்க' என்று மாணவர்கள் தமக்குள் சிரிப்பது எனக்குத் தெரியும்.

நான் எழுத வந்தது அவர்களுள் ஒருவரைப் பற்றி. அவர் பெயரையும் இன்று பணிபுரியும் இடத்தையும் எழுதப்போவதில்லை. அதற்கான காரணம் படிப்பவருக்குத் தானே விளங்கும்.

கம்பைநல்லூர்ப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து வந்த பெண் அவர். ஊர் வேறு, காலனி வேறு என்று இரண்டாகக் கிடக்கும் நிலப்பரப்பில், பட்டம் பெற்று ஆசிரியப் பயிற்சி வரை வருவது அவர்கள் குடும்பத்தில் அதுவே முதன்முறை. குரல் கணீரென்று இருக்கும். தாம் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியை சுண்ணக்கட்டியைத் தம் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டு விரலால் தள்ளுவார் என்பதை அவர் ஒருமுறை வகுப்பில் சொன்னார். அழாமல், கசப்பில்லாமல், நடித்தே காட்டினார். சமத்துவம் பற்றிய அந்தத் தாளில் முதல் மதிப்பெண் அவருக்கே.

காரிமங்கலத்திலிருந்து சிற்றுந்தில் உள்ளே செல்ல வேண்டிய ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளி அவருக்குப் பயிற்சிப் பள்ளியாக அமைந்தது. ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி. அவர் சென்ற மறுவாரம் ஏழாம் வகுப்பில் அவருடைய பாடத்தைக் கேட்கப் போனேன்.

பாடம் நன்றாகவே நடந்தது. பாதியில் வழக்கம்போல் கண்களை மூடினேன்.

"நீங்க சொல்லுங்க."

"நீ சொல்லு பாக்கலாம்."

"எழுந்திருங்க. சத்தமா."

"எந்திரி. ஆங், அப்புடித்தான்."

முதலில் தற்செயல் என்றே எண்ணினேன். கண் திறந்து யாரிடம் எதைச் சொல்கிறார் என்று கவனித்தேன். பாடவேளை முடிவதற்குள் எனக்கு அது உறுதியாயிற்று. அவருடைய வினைச்சொற்களின் ஈற்றை மட்டும் கொண்டே, எந்தப் பிள்ளை ஊரிலிருந்து வருகிறது, எது காலனியிலிருந்து வருகிறது என்று நான் சொல்லிவிட முடிந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு 'ங்க' இருந்தது. தம் தெருவைப் போன்ற தெருவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அது இல்லை. அன்பு மட்டும் இருந்தது. அந்தப் பள்ளியின் மற்ற ஆசிரியர்கள் எல்லாப் பிள்ளைகளையும் 'வாடா', 'போடி' என்றே அழைப்பவர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு உயர்வுப் பன்மை கொடுத்தவர் அங்கே இவர் ஒருவர்தாம். அதுவும் பாதிப் பேருக்கு.

இடைவேளையில் பள்ளிப் புங்கமரத்தின் அடியில் இதைச் சொன்னேன். நான் என் மாணவர்களை 'நீங்கள்' என்றே அழைப்பவள்.

"இல்லைங்கம்மா. நான் அப்புடிப் பேசலைங்க."

"இரண்டாம் வரிசைப் பையனிடம் என்ன சொன்னீர்கள்?"

"எழுந்திருங்கன்னேன்."

"சன்னல் ஓரத்துப் பெண்ணிடம்?"

"எந்திரின்னு..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த சுண்ணக்கட்டியை உருட்டத் தொடங்கினார்.

"எந்தப் பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லலைங்கம்மா." பிறகு மெல்லச் சொன்னார்: "எங்கம்மா களைவெட்டப் போற வூட்டுல, தொட்டில்ல கெடக்குற புள்ளயக்கூட 'தூங்குங்க சாமி'ன்னுதான் ஆட்டுவாங்க. நானும் கூடப் போயி ஆட்டியிருக்கேன்." கொஞ்சம் சிரித்தார். "சமத்துவம் பேப்பர்ல நாந்தாங்கம்மா ஃபர்ஸ்ட்டு."

வழி எளிதென்று எனக்குத் தோன்றியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் 'ங்க' கொடுங்கள், ஒருவரும் தாழ மாட்டார்கள், எல்லோரும் உயர்வார்கள் என்றேன். இலக்கணம் அறிந்தவளின் தீர்வு அது. அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் தொலைபேசியில் அழைத்தார்.

"யோசிச்சேங்கம்மா. எல்லாருக்கும் 'ங்க' போட்டா, காலனிப் புள்ளைங்களுக்கு அது புதுசு. நல்லதுதான். ஆனா ஊர்ப் பசங்களுக்கு அது எப்பவும் கெடைக்கிறதுதான. எங்கம்மா குடுத்தத நானும் குடுத்த மாதிரியே இருக்கும். மத்த டீச்சருங்கல்லாம் 'நீ'ன்னுதான கூப்புடுறாங்க? நானும் அப்புடியே கூப்புடுறேன். எல்லாரையும்."

"மற்றவர்கள் சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒன்றாகக் கேட்குமா?"

"கேக்காதுங்க. அதனாலதாங்கம்மா."

அவர் சொன்னதில் பிழை இல்லை. பிழையின்மை எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

முதலில் ஒன்றுமே நிகழவில்லை. பிறகு ஊரார் அவருக்குத் தந்த 'ங்க'க்கள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கின. அவர் கல்லூரிக்கு வரும் சனிக்கிழமைகளில், ஏதோ வேடிக்கை சொல்வதுபோல் சொல்வார்.

"இந்த வாரம் டீக்கடையில ஒரு 'ங்க' போச்சுங்கம்மா. 'வாங்க டீச்சர்'னு இருந்தது. இப்ப 'என்னா வேணும்'."

மறுவாரம் சிற்றுந்தின் ஓட்டுநர். 'ஏறுங்க டீச்சர்' என்றிருந்தது 'ஏறு' என்றாயிற்று. அதற்கடுத்து, பள்ளிக்கு எதிர்வீட்டுப் பெண்மணி. குடிக்கத் தண்ணீர் கேட்டால் முன்பு சொம்போடு வெளியே வருவார். இப்போது வாசலிலிருந்த குழாயைக் கையால் காட்டினார். "அங்க வாய்ப்பேச்சே போயிடுச்சுங்க" என்று இவர் சிரித்தார். உடன் பயில்வோரும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மரத்தில் இலைகள் உதிர்ந்தால் காற்று என்று சொல்லலாம். கிளைக்கு ஒன்றாக, வரிசை தவறாமல் உதிர்ந்தால் யாரோ கீழே நின்று பறிக்கிறார் என்றுதான் பொருள்.

யார் என்பதும் விரைவில் தெரிந்தது. இரண்டாம் வரிசைச் சிறுவனின் பெரியப்பா. பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். நிலபுலம் உடையவர். பையன் வீட்டில் போய், டீச்சர் தன்னை 'எந்திரி' என்று சொன்னதை நடித்துக் காட்டியிருக்கிறான். அவனுக்கு அது விளையாட்டாகவே இருந்திருக்கலாம். பெரியவர்கள் சிரிக்கவில்லை. அந்த டீச்சர் எந்த ஊர் என்று விசாரித்திருக்கிறார்கள். ஊர் தெரிந்ததும், அந்த ஊரில் எந்தப் பக்கம் என்பது அடுத்த கேள்வி.

அடுத்த முறை நான் அந்தப் பள்ளிக்குப் போய்த் திரும்புகையில், நிறுத்தத்தில் சிற்றுந்துக்காகக் காத்திருந்தேன். அந்தப் பெரியப்பா தம் இருசக்கர வண்டியை என் அருகில் நிறுத்திவிட்டு இறங்கினார். வெள்ளை வேட்டி. கனிந்த முகம்.

"வணக்கமுங்க டீச்சரம்மா. வெயில்ல நிக்கிறீங்களே, இப்புடி நெழலுக்கு வாங்க."

நகர்ந்து நின்றேன்.

"அம்மாவுக்கு எந்த ஊருங்க?"

"பாலக்கோட்டுப் பக்கம்."

"பாலக்கோட்டுல எங்கங்க?"

ஊரைச் சொன்னேன். என் தந்தையார் என்ன செய்தார் என்று கேட்டார். எங்கள் தோட்டம் ஏரிக்கு மேற்கா, கிழக்கா என்று கேட்டார். மேற்கு என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"அட. அப்ப நம்ம பக்கந்தானுங்களா. இத முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே."

இப்படித்தான் என்னையும் எனக்குரிய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். ஏரியின் ஒரு கரை போதுமானதாக இருந்தது. அதன்பின் குரல் தாழ்ந்தது. உறவினரிடம் பேசும் குரல்.

"அந்தப் பொண்ணு பாடமெல்லாம் நல்லாத்தான் நடத்துதாம். வாயிதான் கொஞ்சம்... எங்க பையன் பேரச் சொல்லி, எந்திரி, ஒக்காருங்குதாம்."

"மற்ற ஆசிரியர்களும் அப்படித்தானே சொல்கிறார்கள்?"

"அவங்க சொல்லலாமுங்க." அவர் புன்னகை மாறவில்லை. "நாங்க ஒன்னும் தப்பா எடுத்துக்கலை. படிச்ச புள்ள. நல்லா இருக்கட்டும். ஒத்தையில வந்துட்டு ஒத்தையில போவுது. தக்காளி லோடு ஏத்துன வண்டிங்க கண்ணுமண்ணு தெரியாம வர்ற ரோடு இது. பாத்து நடந்துக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேக்கும்."

இளம்பெண்களை அஃறிணையில் சொல்வது எங்கள் பக்கத்தில் வாஞ்சையின் வழக்கு. என் தந்தையாரும் என்னை 'படிக்குது', 'வருது' என்றே பிறரிடம் சொல்வார். பெரியப்பாவின் வாயில் வந்ததும் அதே வடிவந்தான். இலக்கணத்தால் இரண்டையும் வேறுபடுத்த இயலாது. ஆனால் அந்த நிழலில் நின்று கேட்டபோது அதில் வாஞ்சை இல்லை.

தலைமையாசிரியரிடம் பேசினேன். நல்ல மனிதர், ஓய்வை எதிர்நோக்கி இருந்தவர்.

"இன்னும் கொஞ்ச நாள்தான மேடம். ஒரு 'ங்க' போட்டுட்டுப் போகச் சொல்லுங்க. என்ன கொறஞ்சுடப் போவுது? நான் பயிற்சி நிறைவுன்னு கையெழுத்துப் போட்டாத்தான அவங்க பரிட்சை எழுத முடியும். அந்தக் கமிட்டியோட நானும் இருக்கணுமில்ல."

கல்லூரி முதல்வர் வேறு பள்ளிக்கு மாற்றித் தரலாம் என்றார். அதுவே எனக்கும் உகந்ததாகப் பட, பெரியப்பா சொன்னதையும் சேர்த்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"வேற எந்தப் பள்ளிக்கூடம்மா?" என்று கேட்டார் அவர். "ஊரு இல்லாத பள்ளிக்கூடம் எங்க இருக்குதுங்க?"

"உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால்?"

"பயமாத்தாங்க இருக்குது. பொய் சொல்ல மாட்டேன். வண்டிச் சத்தம் கேட்டா ஓரமா ஒதுங்கிக்கிறேன். ஆனா இப்ப மறுபடி 'ங்க' போட்டேன்னு வைங்க, அந்தச் சன்னலோரப் புள்ள பாக்கும். அது எல்லாத்தையும் பாக்குது. இதுக்கப்புறம் நான் எந்த வகுப்புல நின்னாலும் அது என்னையப் பாத்துக்கிட்டே இருக்கும்."

இறுதி மதிப்பீட்டு வகுப்புக்கு நானே மதிப்பீட்டாளராகச் சென்றேன். பாடம் மூவிடப் பெயர்கள்: தன்மை, முன்னிலை, படர்க்கை. வேண்டுமென்றே தேர்ந்தீர்களா என்று கேட்டேன். "வரிசையில அதாங்கம்மா வந்துச்சு" என்றார்.

புங்கமரத்தின் அடியில் மூன்று வண்டிகள் நின்றன. பெரியப்பாவும் இன்னும் சிலரும் வந்திருந்தனர். மேலாண்மைக் குழுவினர் பள்ளியைப் பார்வையிட வரலாம். அது அவர்கள் உரிமை. தலைமையாசிரியர் அவர்களுக்கு நாற்காலிகள் போடச் சொன்னார். அவர்கள் அவற்றைத் தூக்கிவந்து, ஏழாம் வகுப்புச் சன்னலுக்கு வெளியே வரிசையாகப் போட்டு அமர்ந்தனர். சன்னல் ஓரத்துச் சிறுமியின் தலைக்கு நேர் பின்னால் ஒருவருடைய முழங்கை கம்பியின்மீது கிடந்தது. அவள் நகரவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் கரும்பலகையில் மூன்று சொற்களையும் எழுதினார். பேசுகிறவர் தன்மை, கேட்கிறவர் முன்னிலை, யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் படர்க்கை. விளக்கிவிட்டுத் திரும்பினார். சன்னல் ஓரத்தைப் பார்த்தார்.

"முன்னிலைக்கு ஒரு சொல். நீ சொல்லு."

சிறுமி எழுந்தாள். "நீங்கள்-ங்க டீச்சர்."

"உக்காரு. சரியாச் சொன்ன." பிறகு இரண்டாம் வரிசையைப் பார்த்தார். வெளியே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "தன்மைக்கு ஒன்னு. நீ சொல்லு."

சிறுவன் எழவில்லை. சன்னலைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான்.

"தெரியாது."

அவ்வளவுதான். இந்தப் பகுதிப் பிள்ளைகள் ஆசிரியரிடம் 'தெரியாதுங்க டீச்சர்' என்றல்லாமல் பேசி நான் கேட்டதில்லை. மூச்சு விடுவதைப்போல் வரும் ஈறு அது. வெளியே யாரோ மெல்லச் சிரித்தார்.

அவர் அடுத்த ஊர்ப் பிள்ளையிடம் கேட்டார். "நான்" என்றது அது, அமர்ந்தபடியே. அடுத்தது, "நாம்." படர்க்கைக்குக் கேட்டபோது, "அவன்." விடைகள் சரியாகவே இருந்தன. எதிலும் 'ங்க' இல்லை. 'டீச்சர்' இல்லை. வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை மறந்துபோய், "அவர்ங்க டீச்..." என்று தொடங்கி, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டது. இடையிடையே, ஒரு சொல்லைத் தந்து எந்த இடம் என்று கேட்டபோது, காலனிப் பிள்ளைகள் எழுந்து நின்று, வழக்கத்தைவிட உரக்க, "படர்க்கைங்க டீச்சர்", "தன்மைங்க டீச்சர்" என்றனர். அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

நான் கண்களை மூடினேன். முதல் நாள் கேட்ட அதே பிரிவினை அப்படியே கேட்டது. அன்று ஆசிரியரின் நாவிலிருந்து வந்தது. இன்று பிள்ளைகளின் நாவிலிருந்து. ஒவ்வொரு விடையின் ஈற்றிலும் ஒரு வேலி முளைத்துக்கொண்டிருந்தது.

அவர் நிறுத்தவில்லை. கடைசி மணி அடிக்கும்வரை ஒரே குரலில், எல்லோரையும் 'நீ' என்றே கேட்டார். சரியான விடைக்கெல்லாம் 'சரி' என்றார். அமர்ந்து சொன்னவர்க்கும் அதே 'சரி', நின்று சொன்னவர்க்கும் அதே 'சரி'.

தலைமையாசிரியர் தம் அறையில் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. "மீதி நாளும் முடியட்டும் மேடம். முடிஞ்சதும் பாத்து, போட்டுத் தர்றேன்" என்றார்.

நிறுத்தத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். வண்டிகள் எங்களுக்குப் பின்னே வந்து நின்றன. பெரியப்பா இறங்கவில்லை; ஒரு காலை ஊன்றியபடி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவருக்கும் எனக்கும் இடையில்தான் அந்தப் பெண் நின்றிருந்தார். கையெட்டும் தொலைவு.

"டீச்சரம்மா, இது நாளைக்கும் வருதுங்களா?"

முன்னால் நிற்பவரை முன்னிலையில் சொல்லாமல் படர்க்கையில் சொல்லும் அந்த வாக்கியத்தில், எனக்குரிய 'ங்க' ஒழுங்காக இருந்தது. என் விடைக்காகக் காத்திருந்தார். நான் 'வராது' என்று சொல்லிவிடலாம். ஏரியின் மேற்குக் கரையிலிருந்து வந்தவள் சொன்னால் அவர் நம்பி வண்டியைத் திருப்பிவிடுவார். எல்லாம் அத்தோடு அடங்கிவிடும். ஒரு கணம் அந்தச் சொல் என் நாவில் வந்து நின்றதும் உண்மை.

"அவர்களையே கேளுங்கள்" என்றேன்.

பெரியப்பா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புன்னகை மட்டும் சற்றுச் சுருங்கியது.

"வருவேன்" என்றார் அந்தப் பெண்.

நான் கூர்ந்து கேட்டேன். அந்தச் சொல்லுக்குப் பின்னே வழக்கமாக வரவேண்டிய ஈற்றுக்காகச் செவி காத்திருந்தது. அத்தகைய ஒருவரிடம் அவர் வீட்டில் ஒருவரும் அந்த ஈறு இல்லாமல் பேசியிருக்க மாட்டார்கள். வரவில்லை. தூரத்தில் சிற்றுந்தின் ஒலிப்பான்தான் கேட்டது.

ஓட்டுநர் என்னிடம் "ஏறுங்கம்மா" என்றார். அந்தப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் முதலில் அவரை ஏறச் செய்துவிட்டுப் பின்னால் ஏறினேன். பின்னிருக்கையில் அடுத்தடுத்து அமர்ந்தோம். அவருடைய தோள் என்மீது பட்டபோதுதான் அவர் எவ்வளவு நெருங்கி அமர்ந்திருந்தார் என்பது தெரிந்தது.

"நாளைக்கு நீங்க வருவீங்களாம்மா?" என்று கேட்டார். என்னிடம் அவர் அதுவரை எந்த உதவியும் கேட்டதில்லை.

"வருவேன்."

பின்கண்ணாடியில் புழுதி படிந்திருந்தது. அதன் வழியே பெரியப்பாவுடைய வண்டியின் விளக்கு பகலிலேயே எரிவது தெரிந்தது. சாலை காலியாகத்தான் இருந்தது. சிற்றுந்து மெல்லச் சென்றபோது அதுவும் மெல்ல வந்தது. விரைந்தபோது விரைந்தது. காரிமங்கலம் வரும்வரை அது எங்களை முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை.